வெளிநாடா, உள்ளூரா: கடன் வாங்கும் முன் பார்க்க வேண்டிய காகிதங்கள்

மழை பொய்த்தாலும் வியாபாரம் படுத்தாலும் ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை, பெரம்பலூர் பக்கத்து வீடுகளில் முதலில் எழும் பேச்சு, “எங்கேயாவது வெளிநாட்டுக்குப் போயிடலாமா?” என்பதுதான். போவதில் தப்பே இல்லை. ஆனால் அம்மாவின் நகையை அடகு வைத்து, மீட்டர் வட்டிக்கும் வாங்கி, ஆறே மாதத்தில் வெறுங்கையோடு திரும்பி வந்தவர்கள் எங்கள் பகுதியில் நிறைய. அவர்களில் பெரும்பாலோர் ஏமாந்தது அரபு நாட்டில் இல்லை. இங்கேயே, விமானம் ஏறும் முன்பே ஏமாந்துவிட்டார்கள்.

முதலில் பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்குப் பொதுவாக ஈசிஆர், அதாவது குடிபெயர்வு அனுமதி தேவை என்று குறித்துத்தான் கொடுப்பார்கள். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, இந்தப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் சவுதி, அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். பிஓஇ கிளியரன்ஸ் என்பார்கள். சென்னையில் அலுவலகம் இருக்கிறது. விண்ணப்பம் மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளம் வழியாக. சட்டத்தைப் பற்றி இது போதும்.

பத்தாவது தேறியும் பாஸ்போர்ட்டில் ஈசிஆர் இருக்கிறது என்றால், விண்ணப்பிக்கும்போது மதிப்பெண் சான்றிதழ் வைக்காமல் விட்டிருப்பார்கள். சான்றிதழோடு மறுபடி விண்ணப்பித்தால் நீக்கித் தருவார்கள். ஏஜென்ட் “நானே எடுத்துத் தர்றேன், பத்தாயிரம் ஆகும்” என்றால் கொடுக்க வேண்டாம்.

இப்போது பெரிய பொறிக்கு வருகிறேன். சுற்றுலா விசாவில் போகிறவருக்கு இந்த கிளியரன்ஸ் தேவையில்லை. அதனால் ஏஜென்ட், “விசிட்ல போயிடுப்பா, அங்க போய் மாத்திக்கலாம்” என்கிறார். ஏர்போர்ட்டில் கேட்டால் அண்ணனைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லவும் பழக்கிவிடுகிறார். இமிக்ரேஷனில் சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்பினால் டிக்கெட் காசு போச்சு. தப்பித்துப் போய்விட்டால் அதைவிட மோசம். அரசின் கணக்கில் நீங்கள் வேலைக்குப் போனவரே இல்லை. முதலாளி யார், சம்பளம் எவ்வளவு என்று எங்கும் பதிவு இருக்காது. சம்பளம் வரவில்லை என்று தூதரகத்துக்குப் போனால் ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்வார்கள்.

எங்கள் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் இப்படித்தான் 1,20,000 ரூபாய் கொடுத்து துபாய்க்குப் போனார். அவரிடம் இருந்த ஒரே காகிதம் வாட்ஸ்அப்பில் வந்த ஆஃபர் லெட்டர். கம்பெனி முத்திரை மங்கிப்போய்ப் படிக்க முடியவில்லை. சம்பளம் என்ற இடத்தில் 1,800 என்று எண் மட்டும் இருந்தது. எந்த நாட்டுப் பணம் என்று எழுதவில்லை. விசா முடிந்து அபராதம் ஏறிய பிறகு, ஊர்க்காரர்கள் காசு சேர்த்து டிக்கெட் எடுத்துக் கொடுத்துத்தான் திரும்பினார். ஏஜென்ட் இன்னும் அதே பஸ் ஸ்டாண்டு எதிரில்தான் கடை வைத்திருக்கிறார்.

‘ப்ரீ விசா’ இன்னொரு பொறி. யாரோ ஒருவர் பெயரில் விசா, வேலை வேறு எங்கோ. சவுதியில் விசா கொடுத்தவரை விட்டு வெளியே வேலை பார்த்தால் குற்றம் உங்கள் மேல்தான் விழும். கத்தாருக்கு என்றால், அந்நாட்டு விசா மையம் சென்னையிலேயே இருக்கிறது. மெடிக்கல், கைரேகை, ஒப்பந்தக் கையெழுத்து எல்லாம் அங்கேதான். கையெழுத்துப் போடும் முன் சம்பளத்தைப் படியுங்கள். ஏஜென்ட் சொன்ன தொகை அதில் இல்லையென்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏஜென்ட் வாங்கக்கூடிய சர்வீஸ் சார்ஜ் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. மொத்தம் 35,400. ரசீது தர வேண்டியது அவர் கடமை. பத்தாவது தேறியவருக்கும் இதே உச்சவரம்புதான். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று பேரம் பேசுகிறவரிடம் லைசென்ஸ் இருந்தாலும் அவர் சட்டத்தை மீறுகிறார். ஊருக்குள் வருகிற ஆள் பெரும்பாலும் சப்-ஏஜென்ட். மும்பையிலோ சென்னையிலோ உள்ள ஒரு கம்பெனியின் லைசென்ஸ் ஜெராக்ஸைக் காட்டுவார். சட்டத்தில் சப்-ஏஜென்டுக்கு இடமே இல்லை. இ-மைக்ரேட் தளத்தில் அந்தக் கம்பெனியின் பெயரைத் தேடுங்கள். லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இருக்கும் நம்பருக்குக் கூப்பிட்டு, இந்த ஆளும் இந்த வேலையும் உங்களுடையதா என்று கேளுங்கள். அவர் விசிட்டிங் கார்டில் உள்ள நம்பருக்குக் கூப்பிட்டுப் பயனில்லை. பணத்தை ஏஜென்டின் மச்சான் கணக்குக்கு அனுப்பாதீர்கள்; கம்பெனி கணக்குக்கு மட்டும்.

ஈசிஆர் பாஸ்போர்ட் உள்ள பெண்கள் இந்த 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக 30 வயது முடிந்திருக்க வேண்டும். 2016 முதல் தனியார் ஏஜென்ட் அவர்களை அனுப்பவே கூடாது. அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போக முடியும். தமிழ்நாட்டில் அது அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். வீட்டு வேலைக்கு என்று தனியார் ஆள் ஒரு பெண்ணை அழைத்தால், அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

படித்த பையன்களுக்கு வேறு வலை. தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, நல்ல சம்பளம், டிக்கெட் இலவசம் என்று அழைத்துப்போய், எல்லை தாண்டி மியான்மரில் ஆன்லைன் மோசடிக் கும்பலிடம் விட்டுவிடுகிறார்கள். 2022இல் தமிழ்நாட்டுப் பையன்களை அங்கிருந்து மீட்டு வர வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் வேலைக்கு ஆள் எடுக்கிறவர் டைப்பிங் டெஸ்ட் மட்டும் வைத்துவிட்டு டிக்கெட் அனுப்பினால் போகாதீர்கள்.

கிளியரன்ஸோடு போகிறவருக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு கட்டாயம். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஆனாலோ 10 லட்சம். இப்படி ஒன்று இருப்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாது. பாலிசி போனவர் பெட்டியிலேயே போய்விடுகிறது. பாலிசி, ஒப்பந்தம், விசா, பாஸ்போர்ட் நான்கின் நகலும் வீட்டில் இருக்கட்டும். வாரிசுதாரர் பெயர் ஆதாரில் இருப்பது போலவே இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஏமாந்துவிட்டால்? ஸ்டேஷனில், “இது பணம் கொடுக்கல் வாங்கல், கோர்ட்டுக்குப் போங்க” என்பார்கள். ஏஜென்ட் அதைக் கைமாற்று என்று சொல்லியிருப்பார். லைசென்ஸ் இல்லாமல் வெளிநாட்டுக்கு ஆள் எடுப்பதே தனிக் குற்றம் என்று புகாரில் எழுதுங்கள். “டெல்லி அனுமதி வேணும்” என்று இழுத்தடிப்பார்கள். பாதிக்கப்பட்டவரோ, அவருடைய அப்பா, அம்மா, மனைவி, உடன்பிறந்தவரோ புகார் கொடுத்தால் வழக்குத் தொடர மத்திய அரசின் முன் அனுமதி தேவையில்லை என்று குடிபெயர்வுச் சட்டத்தின் 27ஆம் பிரிவே சொல்கிறது. அந்தப் பிரிவைப் புகாரிலேயே குறிப்பிடுங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். கொடுக்கவில்லையென்றால் எஸ்பி அலுவலகம், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டம். மத்திய அரசின் உதவி எண் 1800 11 3090.

சரி, ஏஜென்டுக்குக் கொடுக்க இருந்த பணத்தை வைத்து இங்கேயே ஏதாவது செய்ய முடியுமா? எட்டாவது தேறியவர் மாவட்டத் தொழில் மையத்தில் யுஒய்இஜிபி என்கிற வேலையில்லா இளைஞர் திட்டத்தைக் கேட்கலாம். உற்பத்தித் தொழில் என்றால் 15 லட்சம் வரையிலான திட்டத்துக்குக் கடன், திட்டச் செலவில் 25 சதவீதம் மானியம். பொதுப் பிரிவினர் 10 சதவீதமும், பெண்கள், பட்டியலினத்தவர், பிற்படுத்தப்பட்டோர் போன்ற சிறப்புப் பிரிவினர் 5 சதவீதமும் கையிலிருந்து போட வேண்டும். மானியம் கையில் வராது. வங்கியில் கிடந்து கடைசியில் கடனில் கழியும். இது தெரியாமல் மானியத்தை நம்பி வெளியே கடன் வாங்கியவர்கள் சிக்கிக்கொண்டார்கள். கடையை முதலில் திறந்துவிட்டு அப்புறம் விண்ணப்பிக்காதீர்கள். இது புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு மட்டும். முடித்துக் கொடுக்கிறேன் என்று கமிஷன் கேட்கும் ஆளும் அங்கே வாசலிலேயே நிற்பார். விண்ணப்பம் ஆன்லைனில்தான், கட்டணமும் இல்லை.

தொழில் மையத்தில் தேர்வானாலும் வங்கியில் மாதக்கணக்கில் நிற்க வைப்பார்கள். “டார்கெட் முடிஞ்சுது”, “மேனேஜர் மாறிட்டார்”, “என்ன அடமானம் தர்றீங்க?” குறுந்தொழில் கடனுக்குக் குறைந்தது 10 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரச் சொன்னதுமே சில மேனேஜர்கள் ஃபைலை மறுபடி எடுத்துப் பார்க்கிறார்கள். தராவிட்டால் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளருக்கு மனு கொடுத்து, நகலைத் தொழில் மையத்திலும் பதிந்து வையுங்கள். பழைய நகைக்கடனோ கல்விக்கடனோ பாக்கி இருந்தால் அதை முதலில் சரிசெய்துவிட்டுப் போங்கள், கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் தெரிந்துவிடும்.

வெளிநாடு போகிறவரும் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை விட்டுவிடக் கூடாது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஆன்லைனிலேயே புதுப்பிக்கலாம். விட்டால் மூப்பு போய்விடும், திரும்பி வந்து முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டும். பதிவு எண்ணையும் பாஸ்வேர்டையும் வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.