விளி: விற்பனை மடலின் முதற்சொல்

கடிதத்தில் செய்தி தொடங்குவதற்கு முன், பெறுபவரை அழைக்கும் சொல்லுக்குத் தமிழில் விளி என்று பெயர். ஆங்கில வணிகக் கடித நூல்களில் சல்யூட்டேஷன் எனப்படுவதும் இந்த இடமே. ஆனால் வேர்ப்பொருளில் இரண்டும் ஒன்றல்ல. சல்யூட்டேஷன் என்பது நலத்தைக் குறிக்கும் சலூஸ் என்ற இலத்தீன் சொல்லின் வழி வந்தது. நலம் வாழ்த்துதலே அதன் அடிப்பொருள். விளி என்பதோ அழைத்தல். ஆகையால் 'அன்புடையீர்' என்பது விளி. அதை அடுத்து வரும் 'வணக்கம்' வாழ்த்து. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதி, விளியே இல்லாமல் வணக்கத்தை மட்டும் வைத்துத் தொடங்கும் வணிக மடல்கள் இப்போது பெருகி வருகின்றன.

பாலக்காட்டின் கிழக்கு எல்லையில், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி ஆகிய ஊர்களில் வாழும் தமிழர்களுக்கு இந்தச் சொல் இலக்கண நூலில் மட்டும் கிடக்கும் சொல் அன்று. மலையாளத்தில் யாரையேனும் கூப்பிடுவதும் தொலைபேசியில் பேச அழைப்பதும் 'விளி'தான். தெற்கே குமரி மாவட்டத் தமிழிலும் 'விளித்தல்' அன்றாடப் பேச்சில் இருக்கிறது. பிற பகுதித் தமிழர் 'கூப்பிடு' என்றும் 'அழை' என்றும் சொல்லப் பழகிவிட்டதால், இலக்கணப் பாடத்தில் எட்டாம் வேற்றுமையாக மட்டுமே அதைச் சந்திக்கின்றனர். (இறத்தலைக் குறிக்கும் 'விளிதல்' வேறு சொல், 'விளிந்தார்' என்றால் இறந்தவர்.)

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் ஓர் இயல் முழுவதையும் விளிமரபுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார். எந்த ஈற்றுப் பெயர் அழைக்கப்படும்போது எப்படித் திரியும் என்பதே அதன் பொருள். அதில் பொது மடல் எழுதுவோருக்கு நேரடியாகப் பயன்படும் நூற்பா ஒன்று உண்டு: 'ஆரும் அருவும் ஈரொடு சிவணும்.' ஆர், அர் என முடியும் பெயர்கள் விளிக்கப்படும்போது ஈர் என்னும் ஈற்றைப் பெறும் என்பது கருத்து. 'அன்புடையார் என்பும் உரியர் பிறர்க்கு' என்ற குறளில் படர்க்கையில் நிற்கும் 'அன்புடையார்', அழைக்கும்போது 'அன்புடையீர்' ஆகிறது. திருமண அழைப்பிதழில் நாம் ஆண்டுதோறும் காணும் இந்தச் சொல்லின் அமைப்பை ஊன்றி நோக்கினால், பலருக்கு ஒரே மடலை அனுப்புவோர் படும் இடர்கள் பலவற்றுக்கு அது ஒருசேர விடையாக இருப்பது புலப்படும்.

முதலாவது, அது ஆண்பாலையோ பெண்பாலையோ சுட்டுவதில்லை. இரண்டாவது, பலரையும் ஒருங்கே அழைக்கும். மடலைப் பிரித்துப் படிக்கும் ஒருவரையும் மதிப்போடு அழைக்கும். 'வாடிக்கையாளர்களே' என்ற விளிக்கு, ஒருவரையும் தனியே அழைக்கும் இந்தத் தன்மை கிடையாது. மடல் பல்லாயிரம் பேருக்குப் போனாலும் படிப்பவர் தனியாக அமர்ந்துதான் படிக்கிறார். அவரை '-களே' என்று பன்மையில் அழைப்பது, வீட்டுத் திண்ணையில் இருப்பவரிடம் ஒலிபெருக்கியில் பேசுவது போன்றது. மேடைக்கு அது பொருந்தும், அஞ்சலுக்குப் பொருந்தாது. மூன்றாவது, 'அன்புள்ள', 'அன்புடைய' என்பன ஆங்கிலத்து 'டியர்' என்பதற்கு நிகராக வழங்கினாலும் பொருளில் அதிலிருந்து வேறானவை. டியர் என்பது, பெறுபவர் எழுதுபவருக்கு அருமையானவர் என்கிறது. அன்புடையீர் என்பதோ பெறுபவரிடம் அன்பு உண்டு என்கிறது. முன்பின் அறியாத ஒருவரை 'எனக்கு அருமையானவரே' என்றால் அது பொய்யாக ஒலிக்கும். 'அன்பு உடையவரே' என்பதில் அந்தக் கூச்சம் இல்லை.

'ஐயா' என்பதற்கும் நெடிய மரபு உண்டு. ஐ என்பது தலைவனைக் குறிக்கும் ஓரெழுத்துச் சொல். 'என்னைமுன் நில்லன்மின் தெவ்விர்' என்ற குறளில் 'என் ஐ' என்றால் என் தலைவன். அதே அடியில் 'தெவ்விர்' என்று பகைவர் பலரை ஒருங்கே விளித்திருப்பதும் கருதத்தக்கது. ஆங்கிலத்து 'சர்' என்பதும், மூத்தவர் என்னும் பொருளுள்ள இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. எனவே அலுவலக விண்ணப்பத்தில் 'ஐயா' மிகப் பொருத்தமே. விற்பனை மடலில் அது இடறுவது, பெறுபவர் பெண்ணாக இருக்கும்போது. அதற்காக 'ஐயா / அம்மா' என்று சாய்கோடு இட்டு அச்சிடுகிறார்கள். சாய்கோடு படிவத்துக்கு உரியது. பொருந்தாததை அடித்துவிடும் வேலையை அது பெறுபவரிடம் விட்டுவிடுகிறது. பொருள் விற்க வருபவர் வாங்குபவரிடம் முதல் வரியிலேயே ஒரு வேலையைக் கொடுப்பது முறையாகாது.

பழைய வணிகக் கடிதங்களில் இருந்த 'ம.ரா.ரா.ஸ்ரீ' (மகாராஜராஜஸ்ரீ) வழக்கொழிந்துவிட்டது. 'மாண்புமிகு' அமைச்சர்களுக்கு உரியது. கடைக்காரர் அதைத் தொட வேண்டாம்.

பெயரிட்டு அழைப்பதே சிறந்தது என்று விற்பனைப் பயிற்சிகளில் சொல்லித் தருகிறார்கள். ஒருவருக்கு எழுதும்போது அது உண்மை. கணினியில் மெயில் மெர்ஜ் (ஒரே மடலில் பட்டியலிலுள்ள பெயர்களை ஒவ்வொன்றாகத் தானே இட்டுத்தரும் வசதி) வழியாகப் பெயரை நிரப்பும்போது எல்லைப்பகுதியில் அது படும் பாட்டைப் பார்க்க வேண்டும். தென்னந்தோப்புக்காரர்களுக்குச் சொட்டுநீர்ப் பாசனக் குழாய் விற்கும் ஒரு கடையின் முகவரிப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். தமிழர் தலைப்பெழுத்தை முன்னே இடுவர்: 'கே. மணி'. மலையாளிகளில் பலர் பின்னே இடுவர்: 'விஜயன் பி.' பட்டியலின் முதற்சொல்லைப் பெயராக எடுக்கும்படி கணினிக்குச் சொன்னால், விஜயனுக்கு மடல் சரியாகப் போகும். மணியின் வீட்டுக்கு 'அன்புள்ள கே' என்று போய்ச் சேரும். சரி, பெயரைத் திருத்தி எடுத்தாலும் மணி ஆணா பெண்ணா என்பது பெயரிலிருந்து தெரியாது. திரு இடுவதா திருமதி இடுவதா என்ற கேள்வி எழும். ஜோதிக்கும் இதே நிலை.

இவற்றுக்கு மேல் தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. தமிழில் பெயரோடு உருபு சேரும்போது பெயரின் ஈறு மாறும்: முருகனுக்கு, மணிக்கு, செல்வத்துக்கு. விளியாக்கினாலும் முருகன் முருகா ஆவான். ஈற்றைப் பார்த்து இப்படி மாற்றும் திறன் சாதாரண மெயில் மெர்ஜுக்கு இல்லை. நம் முன்னோர் கடிதங்களில் கையாண்ட 'அவர்களுக்கு' என்ற சொல் இங்கே கைகொடுக்கிறது. 'கே. மணி அவர்களுக்கு' என்று எழுதினால் பெயர் எந்த ஈற்றில் முடிந்தாலும் திரியாமல் நிற்கிறது. உருபை 'அவர்கள்' ஏற்கிறது. பால் வேறுபாடும் மறைகிறது. பெயர் இட்டே தீருவேன் என்பவர்கள், தலைப்பெழுத்தை உதறாமல் முழுப்பெயரோடு இதைச் சேர்ப்பது ஒன்றே பிழைக்கு இடம் தராத வழி. படர்க்கையில் வைத்து எழுதுவது புதுமையும் அன்று. சைவத் திருமுறைகளில் பதினோராம் திருமுறையின் முதற்பகுதியான திருமுகப்பாசுரம், மதுரை ஆலவாய் இறைவன் சேர மன்னர் சேரமான் பெருமாளுக்கு விடுத்த கடிதமாக அமைந்தது. அதில் பெறுபவர் 'சேரலன் காண்க' என்று படர்க்கையிலேயே சுட்டப்படுகிறார்.

'வாடிக்கையாளர்' என்ற சொல்லிலும் கவனம் தேவை. வாடிக்கை என்றால் வழக்கம். தெலுங்கில் 'வாடுக' என்பதும் வழக்கத்தையே குறிக்கும். வழக்கமாக நம் கடையில் வாங்குபவரே வாடிக்கையாளர். ஒருமுறைகூட நம் வாசல் ஏறாதவரை அப்படி அழைத்தால், இல்லாத உறவை உரிமை கொண்டாடுவதாகும். வாங்கியவர்களுக்குத் தனி மடலும் வாங்காதவர்களுக்குத் தனி மடலும் அச்சிட இயலாதென்றால், தொழிலைச் சொல்லி அழைக்கலாம்: 'தென்னை வேளாண் பெருமக்களுக்கு வணக்கம்.' இதில் விளியுருபு இல்லை என்றாலும், மடல் யாருக்கு என்பது உடனே தெரிகிறது. எனக்கு 'அன்புடையீர்' என்பதை அடுத்து மிகவும் பிடித்தது இதுவே.

விளியில் மதிப்பு வேண்டும், பணிவுக் குனிவு வேண்டாம் என்ற எண்ணம் எல்லைக்கு அப்பால் வலுவாகவே எழுந்திருக்கிறது. பாலக்காடு மாவட்டத்தின் மாத்தூர் கிராமப் பஞ்சாயத்து 2021இல் தன் அலுவலகத்தில் 'சார்', 'மேடம்' என்ற விளிகளை விலக்கித் தீர்மானம் செய்தது; விண்ணப்பங்களில் 'கேட்டுக்கொள்கிறேன்' என்னும் பொருளுள்ள சொல்லுக்கு மாற்றாக, உரிமையுடன் கோருகிறேன் என்று எழுதவும் இடம் தந்தது. அது அரசு அலுவலகத்தில் மக்கள் நிற்கும் நிலையைப் பற்றியது. விற்பனை மடலில் கேட்டு நிற்பவர் கடைக்காரர் என்பதால் மதிப்புச் சொல்லைக் கைவிட வேண்டியதில்லை. அதைப் பெறுபவரின் பாலோடும் பதவியோடும் பிணைக்காமல் இருந்தால் போதும்.

எல்லையூர்க் கடைகள் ஒரே உறையில் ஒருபக்கம் தமிழும் மறுபக்கம் மலையாளமுமாக அச்சிட்டு அனுப்புவதுண்டு. மலையாளப் பக்கத்தில் 'மான்யரே' என்ற விளி நன்கு வழங்குவது. அதுவும் பால் சுட்டாத மதிப்புப் பன்மையே. அதை அப்படியே தமிழாக்கி 'மாண்பினரே' என்று எழுத வேண்டா. தமிழ்ப் பக்கத்தின் முதல் வரியில் 'அன்புடையீர்' என்றும், காற்புள்ளியிட்டு அடுத்த வரியில் 'வணக்கம்' என்றும் எழுதி, அதன்பின் குழாயின் விலைக்கு வரலாம்.