கார்புரேட்டர் ஸ்குருவைக் கடைசியில் திருப்புங்கள்

ஜூன் 14 நள்ளிரவோடு மீன்பிடித் தடைக்காலம் முடியும். அதற்கு முந்தைய வாரம்தான் மண்டபம், பாம்பன், தொண்டிப் பக்கமிருந்து எனக்குப் போன் வர ஆரம்பிக்கும்: "அண்ணே, பெட்ரோல் ஃபோர்க்லிஃப்ட் ஸ்டார்ட் ஆகுது, ஆனா ஐடிலிங்ல நிக்க மாட்டேங்குது." சரக்குத் தூக்கும் அந்த வண்டி, ஆக்ஸிலரேட்டரை அமுக்காமல் விட்டால் அணைந்துவிடுகிறது என்று அர்த்தம். போய்ப் பார்த்தால் யாரோ ஏற்கெனவே பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் ஸ்குருவைத் திருகிப் பெட்ரோலைக் கூட்டி, காற்றைக் குறைக்கும் சோக்கையும் பாதி இழுத்துவிட்டு எப்படியோ ஓட்டிக்கொண்டிருப்பார்கள். வண்டிதான் ஓடுதே, அப்புறம் என்ன என்பார் முதலாளி.

கலப்பில்லாத பெட்ரோல் ஒரு கிலோ முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோலை மட்டும் கூட்டினால் காற்று பத்தாமல் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு ஏறும். ஐஸ் கம்பெனியில் அம்மோனியா கசிந்தால் மூக்கே சொல்லிவிடும், எல்லோரும் வெளியே ஓடிவிடுவார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். குளிர் வெளியேறக்கூடாது என்று கதவைச் சாத்தி வைக்கிற மீன் ஷெட்டில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று வந்தால், காலையில் சாப்பிடவில்லை, வெயிலில் லோடு ஏற்றினோம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்லி ஒரு சோடாவைக் குடித்துவிட்டு மறுபடி உள்ளே போகிறார்கள். ஒரே ஷெட்டில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால் எஞ்சினை நிறுத்துங்கள், எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள், மயக்கமாக இருப்பவரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வதால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

சரி, வேலைக்கு வருவோம். வண்டியை வெளியே நிறுத்தி, ஃபோர்க்கைத் தரையில் இறக்கி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். எஞ்சினை நன்றாகச் சூடாக்கிவிட்டு எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, இக்னிஷன் இணைப்பைத் துண்டித்து (பிளக் ஓட்டை வழியாகப் பெட்ரோல் ஆவி அடிக்கும், ஒரு பொறி போதும்), ஆக்ஸிலரேட்டரை முழுதாக அமுக்கிப் பிடித்து, ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு, கேஜ் வைத்துக் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு) பாருங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் இறங்கியிருந்தால் அதில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் கோளாறு பிஸ்டன் ரிங்கில், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வில், இல்லையென்றால் சிலிண்டர் மேல்மூடிக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டில். இங்கே கோளாறு இருந்தால் கார்புரேட்டரை எவ்வளவு திருகினாலும் வண்டி சரியாகாது. அடுத்து டேப்பெட் கிளியரன்ஸ், அதாவது வால்வுக்கு விடவேண்டிய இடைவெளி. அந்த இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர் உள்ள எஞ்சினில் பொதுவாக அந்த வேலை இருக்காது, மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் கடற்கரையில் பாதிக் கோளாறு பொறி கொடுக்கும் இக்னிஷனில்தான். ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். ஒரு முனையிலிருந்து அடுத்த முனைக்குப் பென்சிலால் கோடு போட்டதுபோல மெல்லிய கரிக்கோடு ஓடினால் அந்த மூடியைத் துடைத்து மாட்டாதீர்கள், மாற்றிவிடுங்கள். இருட்டிய பிறகு எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள், உப்புக்காற்றில் கெட்டுப்போன பிளக் ஒயரில் நீலப்பொறி தாவுவது கண்ணுக்கே தெரியும். கையை மட்டும் கொண்டுபோகாதீர்கள். அப்புறம், மேனுவலில் அப்படித்தான் சொல்லியிருந்தால், டிஸ்ட்ரிபியூட்டரின் வாக்குவம் ஹோஸைக் கழற்றி வாயை அடைத்துவிட்டு, பொறி சரியான நேரத்தில் விழுகிறதா என்று டைமிங் லைட் பிடித்துப் பாருங்கள்.

எரிபொருள் இன்னொரு தலைவலி. இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், தடைக்காலத்தில் இரண்டு மாதம் டேங்கில் கிடந்தால் அடியில் தண்ணீர் பிரிந்து நிற்கலாம். பழைய கார்புரேட்டரின் ரப்பர் பாகங்களையும் கெடுக்கும். பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தையும், பெட்ரோல் பாயும் சின்ன ஓட்டையான ஜெட்டையும் சுத்தம் செய்யுங்கள். ஐடிலிங் நிற்காததற்கு அநேகமாக இதுவே காரணமாக இருக்கும்.

இவ்வளவும் முடித்த பிறகு ஸ்குருவைத் தொடலாம். எஞ்சினுக்குள் காற்று போகும் மேனிஃபோல்டில், உறிஞ்சலை அளக்கும் வாக்குவம் கேஜ் மாட்டிக்கொண்டு அதைப் பார்த்தபடி திருப்புங்கள். நம் ஊர் கடல் மட்டத்தில் இருப்பதால் நல்ல எஞ்சின் ஐடிலிங்கில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) வரை காட்டும், முள் ஆடக்கூடாது. கடைசியாக, ஃபோர்க்கைச் சாய்க்கும் டில்ட் லிவரைப் பின்னுக்கு இழுத்துப் பிடியுங்கள்: எஞ்சின் கொஞ்சம் அமுங்கி உடனே நிமிர வேண்டும். அமுங்கி அணைந்தால் மறுபடி பிளக்கிலிருந்து பாருங்கள். எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சீல் வைத்த கவர்னரை மட்டும் தொடவே தொடாதீர்கள், முதலாளியே சொன்னாலும் சரி. மூடிய குளிர் அறைக்குள் ஓட்ட பேட்டரி வண்டிதான் வாங்க வேண்டும், அதற்கு எந்த ட்யூனிங்கும் ஈடாகாது.