மூன்று பி.எஸ்.ஐ.யை அளக்க எந்தக் கேஜ்?

சித்திரை வெயிலில் தென்காசி ரோட்டில் ஒரு பழைய பத்மினி கார் நின்றுபோனால், சுற்றி நிற்பவர்களில் ஒருவராவது “ஏசி பம்ப் போயிருக்கும் அண்ணாச்சி” என்பார்; டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்து இன்ஜினுக்குத் தரும் பம்பைத்தான் அப்படிச் சொல்கிறார். இன்னொருவர், பம்ப் சூடாகிவிட்டது, அதன் மேல் ஈரத்துணி போடுங்கள் என்பார். யார் சொல்வது சரி என்று பார்க்க ஒரு பிரஷர் கேஜ் போதும். விலை பெரிய தடையல்ல. கடையில் முதலில் எடுத்து நீட்டப்படும் கேஜ் இந்த வேலைக்கு உதவாது என்பதுதான் சிக்கல்.

பம்ப் வேலை செய்யும் விதம் தெரிந்தால் காரணம் புரியும். இன்ஜினின் கேம் ஷாஃப்ட் ஒரு நெம்புகோலை அசைக்கிறது. நெம்புகோல் டயபிரத்தை, அதாவது வளைந்து கொடுக்கும் சவ்வை, கீழே இழுக்க, டேங்கிலிருந்து பெட்ரோல் வந்து நிரம்புகிறது. டயபிரத்தைத் திரும்ப மேலே தள்ளுவது ஒரு ஸ்பிரிங். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் நிரம்பி, அதிலுள்ள மிதவை உயர்ந்து ஊசி வால்வு மூடிவிட்டால், ஸ்பிரிங்கால் தள்ள முடியாது. டயபிரம் கீழேயே நிற்க, நெம்புகோல் சும்மா ஆடும். இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அழுத்தத்துக்கு எல்லை வகுப்பது அந்த ஸ்பிரிங்தான். இத்தகைய பம்புகளில் அது சுமார் 3 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்தக் கணக்கு), கூடக்குறைய இருக்கும். ரொம்ப ஏறினால் ஊசி வால்வு தாங்காமல் பெட்ரோல் வழியும், கரும்புகை வரும். இறங்கினால் மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும்போது வண்டி திணறும்.

இன்றைய இன்ஜெக்‌ஷன் கார்களில் இது 40 பி.எஸ்.ஐ.க்கும் மேல். கடைக் கேஜ்கள் பெரும்பாலும் அவற்றுக்கானவை: 0 முதல் 100, அதற்கு மேலும் உண்டு. கேஜின் பிழையை முழு அளவின் சதவீதமாகத்தான் சொல்வார்கள். 100 பி.எஸ்.ஐ. கேஜில் 2 சதவீதப் பிழை என்றால் 2 பி.எஸ்.ஐ. அளக்க வேண்டியதே 3. அதே 2 சதவீதம், 15 பி.எஸ்.ஐ. கேஜில் வெறும் 0.3. எனவே வண்ணார்பேட்டையில் கம்ப்ரசர் சாமான் கடையில் கேட்டாலும் சரி, ஆன்லைனில் தேடினாலும் சரி, பிராண்டைவிட அளவைப் பாருங்கள்: 0–15 பி.எஸ்.ஐ. அல்லது 0–1 கிலோ (சதுர செ.மீ.க்கு). வேக்குவமும் 10 பி.எஸ்.ஐ. வரை அழுத்தமும் ஒரே முகப்பில் காட்டும் ஃபியூயல் பம்ப் டெஸ்டர் கிடைத்தால் இன்னும் நல்லது.

உள்ளே இருப்பது பூர்தோன் குழாய். நீராவி இயந்திரம் செய்த பிரெஞ்சுக்காரர் யூஜீன் பூர்தோன், நசுங்கிய சுருள் குழாய் ஒன்றைச் சரிசெய்ய உள்ளே தண்ணீரை அழுத்திச் செலுத்தியபோது சுருள் பிரிவதைக் கண்டார். 1849-இல் காப்புரிமை பெற்றார். தட்டையான உலோகக் குழாயை வளைத்து ஒரு முனையை அடைத்துவிட்டால், உள்ளழுத்தம் தட்டையை உருண்டையாக்கப் பார்க்கும்; அப்போது வளைவு கொஞ்சம் நிமிரும். அடைத்த முனை சில மில்லிமீட்டர்தான் நகரும். பற்சக்கரங்கள் அதைப் பெரிதாக்கி முள்ளைச் சுழற்றும்.

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. குழாய்க்கு உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் வெளியே, அதாவது கேஜின் டப்பாவுக்குள், இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தையே முள் காட்டுகிறது. கார் பம்ப் ஐடிலிங்கில் நொடிக்கு ஆறேழு முறை துடிக்கும், முள் நடுங்கும். அந்த நடுக்கத்தை அடக்கக் கிளிசரின் நிரப்பி மூடிய கேஜை வாங்குகிறார்கள். பானெட்டுக்குள் அது 30 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குச் சூடானால், டப்பாவில் அடைபட்ட காற்றின் அழுத்தம் கிட்டத்தட்ட 2 பி.எஸ்.ஐ. ஏறும். கிளிசரின் விரிவது தனி. பம்ப் ஒழுங்காக 3 கொடுத்தாலும் முள் 1-இல் நிற்கும். நல்ல பம்பைக் கழற்றி எறிந்தவர்கள் உண்டு! கிளிசரின் கேஜ்தான் கையில் இருக்கிறதென்றால், மேலே உள்ள ரப்பர் மூடியைத் திறந்து காற்றை வெளியே விட்டுப் படியுங்கள். என் ஓட்டு கிளிசரின் இல்லாத கேஜுக்கே. நடுக்கத்தைக் குறைக்க, வாயில் ஊசித்துளை அளவுக்கு ஒரு தடுப்பு போதும்.

மலிவு கேஜை நம்பலாமா? வீட்டில் முள் வைத்த பி.பி. கருவி இருந்தால் சோதித்துவிடலாம். அதன் முகப்பு 300 மி.மீ. பாதரசம் வரை, அதாவது 5.8 பி.எஸ்.ஐ. நமக்கு வேண்டிய எல்லை அச்சாக அதுவே. ரப்பர் பந்து, பி.பி. முகப்பு, புதுக் கேஜ் மூன்றையும் மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் டி-யால் (மூன்று வாயுள்ள T வடிவ இணைப்பு) இணைத்து மெல்ல அழுத்துங்கள். 103-இல் புதுக் கேஜ் 2 காட்ட வேண்டும், 155-இல் 3, 207-இல் 4. மனிதருக்கு 155 என்றால் டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்வார். பத்மினிக்கு அதுதான் ஆரோக்கியம். இந்தச் சோதனையைக் கேஜில் பெட்ரோல் படுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பி.பி. முகப்பைப் பெட்ரோலில் நேராக மாட்டும் எண்ணமே வேண்டாம்.

பிறகு பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே பித்தளை டி போட்டுக் கேஜை மாட்டுங்கள். குளிர்ந்த இன்ஜினிலேயே அழுத்தம் குறைவு என்றால், டேங்க் லைனிலும் ஃபில்டரிலும் அடைப்பில்லை என்று பார்த்துவிட்டு, டயபிரத்தையோ ஸ்பிரிங்கையோ சந்தேகிக்கலாம். காலையில் 3 காட்டி, ஆலங்குளத்தில் டீ குடிக்க நிறுத்திவிட்டு வந்தபின் முள் துள்ளி விழுந்தால், அது ஆவி அடைப்பு. பெட்ரோலின் இலகுவான பாகங்கள் 40 டிகிரி அருகிலேயே கொதிக்கத் தொடங்கும். பம்பின் உறிஞ்சும் பக்கம் அழுத்தம் குறைவு என்பதால் அங்கே அதற்கும் முன்பே. ஆவியை டயபிரம் அமுக்கத்தான் முடியும், தள்ள முடியாது. ஈரத்துணி பம்பைக் குளிர்விக்க, ஆவி மீண்டும் பெட்ரோலாகிறது. நிரந்தர வழி, லைனைச் சைலன்சர் மேனிஃபோல்டிலிருந்து விலக்கி ஓட்டுவது.

ஹோஸ் வாங்கும்போது எத்தனால் தாங்கும் ரகமாகக் கேளுங்கள்; பங்க்கில் இப்போது 20 சதவீதம் வரை கலந்து வருகிறது, பழைய ரப்பர் அதில் ஊறிப்போகும். கேஜைக் காருக்குள் டேஷ்போர்டுக்கு இழுக்காதீர்கள். பெட்ரோல் லைன் இருக்க வேண்டிய இடம் அதுவல்ல. சோதனை முடிந்ததும் டி-யையும் கழற்றிவிடலாம். இணைப்பு ஒன்று குறைந்தால் கசிவுக்கான இடமும் ஒன்று குறையும்.