பைப்பிங் கியூ.சி. பயிற்சிக்குப் பணம் கட்டும் முன்

மெக்கானிக்கல் டிப்ளமோவோ பி.இ.யோ முடித்து வளைகுடா வேலைக்கு முயல்பவர்கள் பலர் முதலில் போய் நிற்பது கியூ.ஏ., கியூ.சி. (தர உறுதி, தரக் கட்டுப்பாடு) பயிற்சி நிலையத்தில்தான். இருபது நாள் வகுப்பு, ஆர்.டி. (ரேடியோகிராபி), யூ.டி. (அல்ட்ராசோனிக்), எம்.டி. (காந்தத் துகள்), பி.டி. (ஊடுருவும் சாயம்), வி.டி. (கண்ணால் பார்ப்பது) எனப் பொருளை உடைக்காமல் சோதிக்கும் ஐந்து முறைகளில் லெவல் டூ, அதாவது இரண்டாம் நிலைச் சான்றிதழ் என்று விளம்பரம் சொல்லும். வீட்டில் நகையை அடகு வைத்துக்கூடப் பணம் கட்டுகிறார்கள். அந்தச் சான்றிதழ் என்னவென்று அவர்களுக்கு யாரும் விளக்குவதில்லை.

இந்த லெவல் டூ பெரும்பாலும் எஸ்.என்.டி-டி.சி-1ஏ என்ற அமெரிக்கப் பரிந்துரை நூலின்படி தரப்படுவது. அந்த நூலின்படி சான்று தர வேண்டியவர் உங்களுக்கு வேலை கொடுக்கும் நிறுவனம். வகுப்பு, தேர்வு, கண் பரிசோதனை, வேலை அனுபவம் நான்கும் சேர்ந்தால்தான் சான்று. கணக்குப் போட்டுப் பாருங்கள். லெவல் ஒன்று, இரண்டு இரண்டுக்கும் சேர்த்து ஆர்.டி. 80 மணி நேரம், யூ.டி. 80, வி.டி. 24, எம்.டி. 20, பி.டி. 12. வகுப்பு மட்டுமே 216 மணி நேரம். நாளுக்கு எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் 27 நாள் ஆகும். யூ.டி.க்கு அதற்கு மேல் லெவல் ஒன்றுக்கு 210, பிறகு லெவல் இரண்டுக்கு 630 மணி நேர வேலை அனுபவம் வேண்டும். இருபது நாளில் இது எப்படி முடிகிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வேலை மாறினால் பழைய நிறுவனத்தின் சான்று செல்லாது. புதிய நிறுவனம்தான் மறுபடி தர வேண்டும். சி.எஸ்.டபிள்யூ.ஐ.பி. (வெல்டிங் ஆய்வாளர் சான்று), ஐ.எஸ்.ஓ. 9712 போன்றவை வேறு வகை. அவற்றில் வெளி அமைப்பு தேர்வு வைத்து உங்கள் பெயருக்கே சான்று தரும், அனுபவமும் கேட்கும்.

வகுப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. எதைக் கற்றுத் தருகிறார்கள் என்று பாருங்கள்.

பைப்பிங் கியூ.சி.யில் பாதி வேலை வெல்டிங் தொடங்கும் முன்பே முடிந்துவிடும். ஆறு அங்குல ஷெட்யூல் 40 (சுவர்த் தடிமன் வகை) கார்பன் ஸ்டீல் பைப்பை எடுத்துக்கொள்ளுங்கள், சுவர் 7.11 மி.மீ. பெவல் (முனையின் சரிவு) 37.5 டிகிரி, ரூட் ஃபேஸ் (சரிவின் அடியில் விடும் தட்டை விளிம்பு) ஒன்றரை, ரூட் கேப் (இரு பைப்புக்கும் நடுவே விடும் இடைவெளி) மூன்று மி.மீ. அளவில் இருக்கும், சரியான எண்ணை டபிள்யூ.பி.எஸ். (வெல்டிங் செய்முறைத் தாள்) சொல்லும். இந்த இடைவெளி நெருங்கினால் ரூட், அதாவது வெல்டின் முதல் அடுக்கு, உள்ளே இறங்காது. இரு பைப்பின் உள்விளிம்பும் ஒன்றரை மி.மீ.க்கு மேல் ஏறி இறங்கி நின்றால் ஒரு பக்கம் உருகாமல் நிற்கும். ஃபிட்-அப்பில் (வெல்ட் செய்யும் முன் பைப்புகளைப் பொருத்தும்போது) ஐந்து நிமிடம் கேஜ் வைத்துப் பார்க்காத ஜாயின்ட், ரேடியோகிராபி ஃபிலிமில் ஃபெயிலாகி விழுந்த பிறகு அரை நாள் வேலை வைக்கும். சாக்கெட் வெல்டில் (பைப்பை ஃபிட்டிங்கின் குழிக்குள் செருகிப் போடும் வெல்ட்) பைப்பை அடிவரை தட்டி உட்கார்த்திவிட்டு வெல்ட் செய்வது சைட்டில் அடிக்கடி நடக்கும் தவறு. முட்டிய பிறகு சுமார் 1.6 மி.மீ. பின்னுக்கு இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் நீளும் பைப்புக்கு இடமின்றி ஃபில்லெட்டில் (சுற்றிப் போட்ட மூலை வெல்டில்) விரிசல் விழும். வெல்ட் முடிந்த பின் வெளியிலிருந்து பார்த்தால் இது தெரியவே தெரியாது.

வெல்டிங் முடிந்த பின் பார்க்கும் வரம்புகளையும் மனப்பாடம் செய்தால் போதாது. ஏ.எஸ்.எம்.இ. பி31.3 என்ற பைப்பிங் விதிநூலில் சாதாரண சர்வீஸுக்கு அண்டர்கட் (வெல்ட் ஓரத்தில் அரித்த பள்ளம்) 1 மி.மீ. அல்லது சுவரில் கால் பங்கு, எது குறைவோ அது. ஆறு அங்குலப் பைப்புக்கு 1 மி.மீ. வரும், அரை அங்குல ஷெட்யூல் 40-க்குச் சுவர் 2.77 என்பதால் 0.7 மி.மீ.கூட இல்லை. வெல்டின் மேல் மேடு எழும்பும் உயரம் 6 மி.மீ. சுவர் வரை 1.5, அதற்கு மேல் 13 வரை 3 மி.மீ. இரண்டு அங்குல ஷெட்யூல் 80-இன் சுவர் 5.54. ஆக, ஆறு அங்குலத்தில் பாஸ் ஆகும் 2.5 மி.மீ. மேடு இதில் ரிஜெக்ட்.

அதிகம் ஏமாற்று நடப்பது ஐந்து சதவீத ரேடியோகிராபியில், அதாவது நூறு ஜாயின்டில் ஐந்தை மட்டும் ஃபிலிம் எடுத்துப் பார்ப்பதில். எல்லா வெல்டரின் வேலையும் அந்த ஐந்துக்குள் வரவேண்டும். நல்ல வெல்டரின், கைக்கு எட்டும் ஜாயின்டையே கான்ட்ராக்டர் காட்டிக்கொண்டிருந்தால் அந்த ஐந்து சதவீதத்துக்குப் பொருளே இல்லை. ஒன்று விழுந்தால் அதை ரிப்பேர் செய்து மறுபடி ஷூட் செய்வதோடு கணக்கு முடியாது. அதே லாட்டில் (ஒன்றாகக் கணக்கிடும் ஜாயின்ட் தொகுதியில்) அதே வெல்டர் போட்ட இன்னும் இரண்டை எடுக்க வேண்டும். அவற்றில் ஒன்று விழுந்தால் அதற்கு மேலும் இரண்டு; அதிலும் விழுந்தால் அந்த லாட்டில் அவர் போட்ட அத்தனையும் ரிப்பேரோ மாற்றமோ ஆக வேண்டும், இல்லையேல் முழுவதும் ஷூட் செய்து தேவையானதை ரிப்பேர் செய்ய வேண்டும். வெல்டர் நம்பர் ஜாயின்டிலும் வெல்ட் மேப்பிலும் (எந்த ஜாயின்டை யார் போட்டார் என்று குறித்த வரைபடம்) இல்லாவிட்டால் யாருடைய இரண்டை எடுப்பீர்கள்? அதனால்தான் ஐசோமெட்ரிக் (பைப் பாதை வரைபடம்) படித்து வெல்ட் மேப் போடுவது பயிற்சியின் முதுகெலும்பு. பைப்பை வெட்டும் முன் ஹீட் நம்பரை (எஃகு உருக்கிய தொகுதியின் எண்) மறுதுண்டுக்கு மாற்றாவிட்டால், அந்தத் துண்டுக்கு எந்த டெஸ்ட் சர்டிபிகேட்டும் பொருந்தாது.

வெல்டிங் ராடு விஷயம்: இ7018 வகை ராடு ஈரம் குடித்தால் ஹைட்ரஜன் விரிசல் வரும். சுட்டு உலர்த்திய ராடு ஹோல்டிங் அவனில் (சூடாக வைக்கும் அடுப்பில்) 120 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். வெல்டரின் போர்ட்டபிள் அவன் பிளக் இல்லாமல் வெறும் டப்பாவாகக் கிடக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

ஹைட்ரோ டெஸ்டில் (பைப்பில் தண்ணீர் நிரப்பி அழுத்திப் பார்ப்பதில்) டிசைன் அழுத்தத்தின் ஒன்றரை மடங்கு, குறைந்தது 10 நிமிடம் என்பது எல்லாருக்கும் தெரியும். உயரமான இடங்களில் வென்ட் (காற்றுப்போக்கி) திறந்து காற்று முழுதும் வெளியேறியதா என்பதுதான் விட்டுப்போகும். அடைபட்ட காற்று அமுங்கி ஆற்றலைச் சேர்த்துவைக்கும். ஏதாவது பிய்த்துக்கொண்டால் உயிர் போகும்.

சேரும் முன் நிலையத்தில் நேரில் கேளுங்கள். சான்றில் கையெழுத்திடும் லெவல் த்ரீ (மூன்றாம் நிலைச் சான்று பெற்றவர்) யார், எந்த முறைகளுக்கு? வெல்டை அளக்கும் பிரிட்ஜ் கேம் கேஜும் உள்விளிம்பு ஏற்ற இறக்கத்தை அளக்கும் ஹை-லோ கேஜும் ஒவ்வொருவர் கையிலும் எத்தனை மணி நேரம் இருக்கும்? குறையுள்ள உண்மையான ஜாயின்ட் துண்டுகளும் ஃபிலிம்களும் இருக்கின்றனவா? லெவல் டூ தாளை மட்டும் காட்டி இந்தியாவில் ரேடியோகிராபி சோர்ஸைக் (கதிர்வீச்சு மூலத்தை) கையாள முடியாது. அதற்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஏற்கும் தனிப் பயிற்சி வேண்டும் என்பதை அவர்களாகச் சொல்கிறார்களா? திருச்சிப் பக்கம் இருப்பவர்கள், பெல் வளாகத்தில் 1975 முதல் இயங்கும் வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனத்தின் பயிற்சிகளையும் விசாரித்துவிட்டு முடிவெடுக்கலாம்.