புறநகரைத் துணைநகர் ஆக்காதீர்கள்

பல்லாவரம், குரோம்பேட்டை பற்றி எழுதுகிறவர்கள் 'சென்னையின் துணைநகரங்கள்' என்று எழுதுவது பெருகிவிட்டது. தவறு. அவை புறநகர்கள்.

புறநகருக்கு ஆங்கிலத்தில் 'சபர்ப்'. அது லத்தீன் வழிச் சொல். 'சப்' என்றால் கீழே, ஒட்டி. 'ஊர்ப்ஸ்' என்றால் நகரம். 'சப் கமிட்டி' துணைக்குழு ஆனதால், 'சப்' கண்ட இடமெல்லாம் 'துணை' போடுகிறார்கள். துணைக்குழுவை ஒரு தாய்க்குழு அமைக்கிறது. பல்லாவரத்தைச் சென்னையா அமைத்தது? 1639-இல் மெட்ராஸ் தோன்றுவதற்குச் சுமார் ஆயிரம் ஆண்டு முன்பே பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் அங்கே குடைவரைக் கோயில் எடுத்துவிட்டான்.

துணைநகர் என்ற சொல்லுக்கும் வேலை இருக்கிறது. மறைமலை நகரைப் பாருங்கள். நிலம் எடுத்து, மனை பிரித்து, சாலையையும் தொழிற்பேட்டையையும் முதலில் வரைபடத்தில் குறித்து, பிறகு ஆட்களைக் குடியேற்றியது. அது துணைநகர். புறநகர் வளரும் விதம் வேறு. ஏரியும் வயலும் நத்தமும் இருந்த ஊரில் ரயில் நிற்கும். வயல் லேஅவுட் ஆகும். வீடுகள் எழுந்து வெகுகாலம் கழித்துத்தான் பாதாளச் சாக்கடை வரும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், மழைத்தண்ணீர் ஏன் ஓரிடத்தில் மட்டும் தேங்குகிறது என்பதைக்கூட விளக்க முடியாது.

'புறம்' நமக்குப் பழக்கமான சொல். சிலப்பதிகாரத்தில் 'புறஞ்சேரி இறுத்த காதை' என்றே ஒரு பகுதி உண்டு; மதுரை மதிலுக்கு வெளியே இருந்த குடியிருப்புதான் புறஞ்சேரி.

ஆனால் புறநகர் என்பதையும் காலம் பார்த்துப் போட வேண்டும். 1931-இல் கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. நகரத்துக்குத் தினமும் வேலைக்குப் போய்வரும் வாழ்க்கை அதன் பிறகே வேரூன்றியது. பல்லவர் காலப் பல்லாவரத்தைப் 'புறநகர்' என்பது அபத்தம். அப்போது அது ஊர்.

இன்னொரு கொடுமை, 'எர்லி செட்டில்மென்ட்' என்பதை 'ஆரம்பத் தீர்வு' ஆக்குவது. கோர்ட் வழக்கில் செட்டில்மென்ட் என்றால் தீர்வு. வருவாய்த் துறையில் நிலவரித் திட்டம். பத்திர ஆபீசில் தான செட்டில்மென்ட். மக்கள் வந்து தங்கியதைச் சொல்லும்போது குடியேற்றம். முன்பின் வரியைப் படிக்காமல் மொழிபெயர்த்தால் ஊர் வரலாறு கோர்ட் விவகாரமாகிவிடும்.

குடியேற்றத்தையும் கண்டபடி போடக் கூடாது. 1863-இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கண்டெடுத்த கற்கருவி ஆதி மனிதரின் நடமாட்டத்துக்குத்தான் சான்று. அங்கேயே கிடைத்த சுடுமண் ஈமப்பேழைகளைச் சொல்லும் இடத்தில் 'குடியேற்றம்' என்று எழுதலாம். இறந்தவரை அப்படி அடக்கம் செய்தவர்கள் அக்கம்பக்கத்தில் வாழ்ந்திருக்க வேண்டும்.