பிளாஸ்டிக் ஐசிங்: சொல் விளக்கம்

டர்பனில் கல்யாண கேக் சொல்லப் போனால் எடுத்தவுடன் வரும் கேள்வி, "பிளாஸ்டிக் ஐசிங்கா, பட்டர் ஐசிங்கா?" தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் உறவினர்கள் பக்கத்தில் இருந்தால் ஒரு நிமிடம் முழிப்பார்கள். இதில் பிளாஸ்டிக் எதுவும் கிடையாது. மற்ற ஊர்களில் ஃபாண்டன்ட் என்கிறார்களே, அந்தச் சர்க்கரைப் போர்வைக்குத் தென்னாப்பிரிக்காவில் வழங்கும் பெயர் இது.

பிளாஸ்டிக் என்ற சொல் வாளிக்கும் பைக்கும் முந்தியது. 'பிளாஸ்டிகோஸ்' என்றால் கிரேக்கத்தில் பிசைந்து உருக்கொடுக்கத் தக்கது. களிமண்ணுக்குப் பொருந்தும் சொல், தேய்த்து விரிக்கும் சர்க்கரைக்கும் பொருந்திவிட்டது. ஃபாண்டன்ட் பிரெஞ்சுச் சொல்; 'உருகுகிற' என்று பொருள். முதலில் அந்தப் பெயர் பெற்ற பண்டம் வேறு: சர்க்கரைப் பாகை ஏறக்குறைய 112 முதல் 116 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சி, ஆறவிட்டு, வெளுக்கும் வரை அடித்தெடுப்பது. நம் வீட்டுக் கணக்கில் உருட்டுப்பதம், அதாவது தண்ணீரில் விட்டால் விரலுக்குள் மெத்தென்று உருளும் பதம். அது வாயில் போட்டதும் கரையும், பெயர் சரிதான். கேக் மேல் போர்த்துவதற்குப் பாகு காய்ச்ச வேண்டியதில்லை. ஐசிங் சர்க்கரை, குளுக்கோஸ், கிளிசரின், ஜெலட்டின் சேர்த்துப் பிசைந்து, ஒட்டாமலிருக்க மெய்சீனா (நம் சோளமாவுதான்) தூவி, சப்பாத்தி மாதிரி மூன்று நான்கு மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்க்கிறார்கள்.

தமிழில் என்ன சொல்வது? பிளாஸ்டிக்குக்கு 'நெகிழி' இருக்கிறது என்று 'நெகிழிப் பூச்சு' என்று போட்டால் விருந்தாளிகள் கேக்கைத் தொடமாட்டார்கள். இத்தனைக்கும் நெகிழ் என்ற வேர் இளகுவதையும் குறிக்கும், வளைந்துகொடுப்பதையும் குறிக்கும். பிரெஞ்சும் கிரேக்கமும் தனித்தனியே சொன்னது அதில் ஒன்றாகவே கிடக்கிறது. ஆனாலும் இன்று நெகிழி என்றால் குப்பைத்தொட்டிதான் நினைவுக்கு வரும். காய்ச்சி அடித்ததற்குப் 'பாகுக்கூழ்', தேய்த்து மூடுவதற்குச் 'சர்க்கரைப் போர்வை' என்பது என் தேர்வு. கேக்குக்கே 'அணிச்சல்' என்றொரு சொல் உண்டு. ரிசப்ஷனில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கேக் என்றே இருக்கட்டும்.

பெயரைவிட நம் வீடுகளுக்கு முக்கியமானது அதற்குள் இருக்கும் ஜெலட்டின். மாட்டுத்தோல், எலும்பு, பன்றித்தோல் இவற்றிலிருந்து எடுப்பது அது. முட்டையில்லாத கேக் வேண்டும் என்று நினைவாகச் சொல்லிவிட்டு, மேல்போர்வையைக் கேட்க மறந்துவிடுகிறோம். புரட்டாசி முழுக்கக் கவிச்சி தொடாத வீட்டுக் கல்யாணத்திலும் இது நடக்கும். ஹலால் முத்திரையைப் பார்த்துத் திருப்திப்படுவோரும் உண்டு. அந்த முத்திரை பன்றி இல்லை என்று சொல்லுமே தவிர மாடு இல்லை என்று சொல்லாது. ஜெலட்டினுக்குப் பதில் தாவரப் பிசின் சேர்த்த வகைகளும் விற்கின்றன. எனவே பொட்டலத்தின் பொருள் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். வீட்டில் பிசைபவர் என்றால் எதைச் சேர்க்கிறார் என்று நேராகக் கேளுங்கள்.

அப்புறம், டர்பன் கோடை. சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து நேராக மண்டபத்தில் வைத்தால் போர்வை வியர்த்துப் பிசுபிசுக்கும். கூறைச்சேலை நிறத்துக்குப் பொருந்த அடர்சிவப்பு கேட்டிருந்தால் சாயம் வழிந்து வெள்ளைத் தட்டில் இறங்கும். கேக்கை ஏசி அறையில் வைக்க இடமுண்டா என்று மண்டபக்காரரிடம் முன்னாலேயே கேட்டுக்கொள்வது நல்லது. இடமில்லையென்றால் போர்வை வெள்ளையாக இருக்கட்டும், சிவப்பைப் பூக்களில் வைத்துக்கொள்ளலாம்.