லென்ஸுக்கும் பறவைக்கும் நடுவே உள்ள காற்று

பாலாற்று மணலில் காலை பத்து மணிக்கு மேல் எடுத்த பறவைப் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். இறகின் ஓரம் நெளிந்திருக்கும், கண்ணில் மின்ன வேண்டிய வெள்ளைப் புள்ளி கரைந்து போயிருக்கும். ஷட்டர் வேகம் 1/2000, முக்காலியும் அசையவில்லை என்றால் சந்தேகம் உடனே லென்ஸ் மேல்தான் போகும். ஃபோகஸைச் சரிபார்க்கக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களும் உண்டு. வேலூர் வெயிலில் இப்படிக் கலங்கும் படங்களுக்குப் பெரும்பாலும் காரணம் கானல்தான், அதாவது சூட்டில் காற்று நெளிந்தாடுவது.

காற்றும் ஒளியை வளைக்கும். கண்ணாடி அளவுக்கு இல்லை. காற்றின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.0003. வெப்பம் 1 டிகிரி கூடினால் அது பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும். கேட்க அற்பமாகத்தான் இருக்கிறது. ஆனால் கத்திரி வெயிலில் காய்ந்த மணலின் மேற்பரப்பு 50 டிகிரியைத் தாண்டிவிடும். தலை உயரத்துக் காற்று அதைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி குறைவாக இருக்கும். மணலை ஒட்டிய சூடான காற்று குமிழ் குமிழாக மேலே கிளம்ப, குளிர்ந்த காற்று இறங்கி அந்த இடத்தைப் பிடிக்கும். ஒவ்வொரு குமிழும் ஒரு மோசமான லென்ஸ். 100 மீட்டர் தள்ளி நிற்கும் ஆள்காட்டிப் பறவையிலிருந்து வரும் ஒளி, நூற்றுக்கணக்கான குமிழ்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் திசை மாறித்தான் கேமராவுக்கு வந்து சேர்கிறது.

இங்கேதான் பெரிய லென்ஸ் நமக்கு எதிராகத் திரும்புகிறது. 600 மி.மீ. லென்ஸ், கேமரா சென்சாரில் 4 மைக்ரான் (0.004 மி.மீ.) அகலப் பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டரில் ஒரு பிக்சல் பிடிப்பது சுமார் 0.7 மில்லிமீட்டர் அகலத்தை. ஒளி அதைப்போல நாலைந்து மடங்கு ஆடினாலே இறகுக் கோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அதே இடத்தில் நின்று 24 மி.மீ. லென்ஸில் எடுத்த நிலக்காட்சி பளிச்சென்று இருக்கும். அங்கே ஒரு பிக்சல் பிடிக்கும் அகலம் 25 மடங்கு என்பதால் ஆட்டம் பிக்சலுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. தூரத்து ஜவ்வாது மலை நீலமாக மங்கித் தெரிவது வேறு விஷயம். அது காற்றும் தூசும் ஒளியைச் சிதறடிப்பதால் வருவது. மென்பொருளில் ஓரளவு சரிசெய்யலாம். கானல் கலைத்த இறகை அப்படி மீட்க முடியாது.

வேகமான ஷட்டரும் உதவாது. அந்தக் கணத்து நெளிவை அப்படியே உறைய வைக்கும், அவ்வளவுதான். தொடர்ச்சியாகப் பல படங்கள் எடுத்தால், குமிழ்கள் கொஞ்சம் ஒழுங்காக அமைந்த கணத்தில் ஒன்றிரண்டு தேறும். கோள்களைப் படம் எடுப்பவர்கள் ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து தெளிவானவற்றைப் பொறுக்கிச் சேர்ப்பதும் இதே காரணத்தால்தான். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1977-இல் யுரேனஸின் வளையங்கள் வெளிப்பட்ட அவதானிப்புகளில் அதற்கும் பங்கு உண்டு. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கியும் பாலாற்றில் நிற்கும் நம் கேமராவும் போராடுவது ஒரே கலங்கல் காற்றோடுதான்.

பறவையின் கண் மட்டத்துக்குப் படுத்து எடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நல்ல யோசனைதான், ஆனால் வெயில் ஏறிய மணலில் அதைச் செய்யக் கூடாது. தரையை ஒட்டிய ஓரிரு அடியில்தான் வெப்பம் மிகக் கூர்மையாக மாறுகிறது. படுத்து எடுத்தால் ஒளி முழுக்க அந்த அடுக்கு வழியாகவே வரும். எழுந்து நின்றால் கொஞ்சம் தேவலை. காவேரிப்பாக்கம் ஏரிக்கரை மேலிருந்து எடுத்தால் இன்னும் தேவலை.

நேரம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம் என்பது என் எண்ணம். சூரியன் உதித்துக் கொஞ்ச நேரத்திலும், மறைவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பும் தரையின் வெப்பமும் காற்றின் வெப்பமும் சமமாகும். அப்போது குமிழ்கள் கிளம்புவதில்லை. தடித்த மேகம் வந்தாலும் சீக்கிரமே கானல் தணியும். அமிர்தி காட்டு நிழலிலோ இந்தத் தொல்லையே குறைவு. ஆனால் காலை என்றாலே பாதுகாப்பு என்று இருந்துவிட வேண்டாம்: மார்கழி விடியலில் ஏரித் தண்ணீர் காற்றைவிடச் சூடாக இருக்கும், அதனால் நீர்ப்பரப்பின் மேலும் கானல் ஆடும்.

தூரத்தைக் குறைத்தால் கானலும் குறையும் என்பது உண்மை. அதற்காக உச்சி வெயிலில் ஆள்காட்டியின் கூட்டை நெருங்காதீர்கள். அது வெறும் மணலில் முட்டையிடும். தண்ணீரில் வயிற்று இறகை நனைத்து வந்து முட்டைகளைக் குளிர வைக்கும். நாம் அங்கே நிற்கிறவரை அது கத்திக்கொண்டே சுற்றும், முட்டைகள் வெயிலில் கிடக்கும்.

அப்புறம், காரிலிருந்து எடுப்பவர்களுக்கு. ஏசி போட்ட வண்டியின் ஜன்னலை இறக்கியதும் குளிர்ந்த காற்றும் வெளிச்சூடும் லென்ஸின் வாயிலேயே கலக்கும். பறவை இருபது மீட்டரில் இருந்தாலும் படம் கலங்கும். ஏசியையும் இன்ஜினையும் அணைத்து, எல்லா ஜன்னல்களையும் இறக்கி, உள்ளும் வெளியும் ஒரே சூடாகும்வரை காத்திருங்கள். பானெட்டுக்கு மேலாக மட்டும் எடுக்க வேண்டாம். இன்ஜின் அணைந்த பிறகும் அது வெகுநேரம் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும்.